மேலாண்மைப் பட்டம் பெற்றவர்கள் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும் முறை

பி.காம். முடித்தவரிடம் நேர்காணலில் டேலி கணக்கு மென்பொருள் தெரியுமா என்று கேட்பார்கள், பி.சி.ஏ. முடித்தவரிடம் ஒரு சிறிய நிரலை எழுதிக் காட்டச் சொல்வார்கள். மேலாண்மை இளநிலைப் பட்டமான பி.பி.ஏ. முடித்தவரிடம் எதைக் கேட்பது என்பதில் கேட்பவருக்கே தெளிவு இருப்பதில்லை. அதனால் அந்த நேர்காணல் பெரும்பாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதில் தொடங்கி, அதிலேயே முடிந்தும் விடுகிறது. மூன்று ஆண்டுகளில் சந்தைப்படுத்தல், மனிதவளம், நிதி, உற்பத்தி, வணிகச் சட்டம் என்று ஒவ்வொன்றையும் ஓரிரு பருவங்கள் தொட்டுவிட்டு வந்தவர், எதையும் செய்துகாட்டக் கூடியவராக இல்லாமல், எல்லாவற்றைப் பற்றியும் நான்கு வாக்கியம் பேசக் கூடியவராக நிற்கிறார். நடுத்தரக் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. முடித்தவரின் நிலையும் இதிலிருந்து அதிகம் விலகியதன்று.

இந்தப் பட்டத்தைக் குறிப்பிட்ட ஒரு தொழிலோடு பிணைத்துக்கொள்ளாதவரை வேலைச் சந்தையில் அதற்குத் தனி விலை கிடையாது என்பதே இத்தனை ஆண்டுகள் நேர்காணல் மேசையின் இரு பக்கமும் அமர்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது. "மார்க்கெட்டிங் படித்தேன்" என்பவரைவிட, "ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் எப்படி ஏலம் போகிறது என்று தெரியும்" என்பவருக்கு வேலை விரைவில் கிடைக்கிறது. ஆகவே எந்தெந்தப் பதவிகள் உள்ளன என்று பட்டியலிடுவதைவிட, எந்தத் துறையில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறது, அதற்குள் நுழைய எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையே இங்கு சொல்ல முயல்கிறேன். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளிலும் மேலாண்மைக் கல்லூரிகளிலும் படித்தவர்களை மனத்தில் கொண்டு எழுதியது இது.

தேடத் தொடங்கும் முன்

ஒரு தாளை எடுத்து மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாமல் அல்லது குறைந்த சம்பளத்தில் எத்தனை மாதம் வீடு தாங்கும் என்பது முதலாவது. போட்டித் தேர்வுக்கு ஓராண்டு முழுமையாக ஒதுக்கலாமா, வேலையில் இருந்துகொண்டே படிக்க வேண்டுமா என்பதை இதுவே தீர்மானிக்கிறது. இதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகப் பேசாமல் "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மூன்று ஆண்டுகளைக் கழித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் எந்தத் தொழில் செழித்திருக்கிறது என்பது இரண்டாவது. திருப்பூரில் பின்னலாடை, கரூரில் வீட்டு உபயோகத் துணிகள், நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரியும், சிவகாசியில் அச்சும் பட்டாசும், ஆம்பூர் வாணியம்பாடிப் பகுதியில் தோல், ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகன உதிரிபாகங்கள் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. அந்தத் தொழிலின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய முதலீடு என்பது அவருக்கே தெரிவதில்லை. மூன்றாவது, நாள் முழுவதும் மனிதர்களோடு பேசுவது உங்களுக்கு உவப்பா, எண்களோடும் தாள்களோடும் இருப்பது உவப்பா என்பது. இதற்கு நேர்மையாக விடை எழுதுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் மனிதவளத் துறைக்குப் போகக் கூடாது என்றோ, வாயாடி கணக்கில் அமரக் கூடாது என்றோ விதி எதுவும் இல்லை.

விற்பனை: எண்ணிக்கையில் அதிகமான வேலை

வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பதவிக்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும், பி.பி.ஏ. மாணவருக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் விற்பனையாகவே இருக்கிறது. 'மேனேஜ்மென்ட் டிரெய்னி', 'பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்', 'ரிலேஷன்ஷிப் ஆபீசர்' ஆகிய மூன்றும் பல இடங்களில் ஒரே வேலையின் மூன்று பெயர்கள். இதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை நம்பிச் சேர்ந்துவிட்டு, இரண்டாவது வாரத்தில் வெயிலில் வண்டி ஓட்டும்போது ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பதைவிட, முன்பே தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

சோப்பு, பிஸ்கட், மசாலா போன்ற அன்றாட நுகர்பொருள் நிறுவனங்களின் விற்பனையே இவற்றில் நல்ல பள்ளிக்கூடம். நிறுவனத்தின் சரக்கு டிப்போவிலிருந்து ஒவ்வொரு ஊரின் ஏஜென்சிக்கும், அங்கிருந்து மளிகைக் கடைகளுக்கும் போகிறது. ஏஜென்சியின் விற்பனையாளர் ஒவ்வொரு நாளும் ஒரு 'லைன்' போவார். திங்கட்கிழமை பேருந்து நிலையப் பகுதி, செவ்வாய்க்கிழமை சந்தைப் பகுதி என்று கடைகள் வகுக்கப்பட்டிருக்கும். இந்த விற்பனையாளர்களை மேய்ப்பதும், ஏஜென்சி முதலாளியைச் சரக்கு எடுக்க வைப்பதும், கடைக்காரர் கேட்கும் சலுகையை நிறுவனத்திடமிருந்து வாங்கித் தருவதும், காலாவதியான சரக்குக்கான இழப்பீடு, அதாவது 'கிளெய்ம்' எப்போது வரும் என்ற கேள்விக்கு மாதந்தோறும் பதில் சொல்வதுமே விற்பனை அலுவலரின் வேலை. இரண்டு ஆண்டுகள் இதில் இருந்தவருக்கு ஒரு ஏஜென்சி போட்ட முதலுக்கு என்ன லாபம் பார்க்கிறது, கடன் எத்தனை நாள் நிற்கிறது, மாதக் கடைசி வாரத்தில் ஏன் சரக்கைத் தள்ளுகிறார்கள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தின் துணையில்லாமல் விளங்கிவிடும்.

இத்தகைய வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். சம்பளம் தருவது அந்த நிறுவனமா, அல்லது அது அமர்த்தியுள்ள ஆள் வழங்கும் ஒப்பந்த நிறுவனமா? பெட்ரோல் படியும் தங்கும் படியும் சம்பளத்துக்கு வெளியே தனியாகத் தரப்படுகின்றனவா? இலக்கில் எத்தனை சதவீதத்தைத் தொட்டால் ஊக்கத்தொகை தொடங்குகிறது? இதே பகுதியில் எனக்கு முன்பு இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார்? கடைசிக் கேள்விக்கு நேர்காணல் செய்பவர் சிரித்து மழுப்பினால், அந்தச் சிரிப்பையே பதிலாகக் கொள்ளலாம்.

வங்கியும் நிதியும்

பொதுத்துறை வங்கிகளின் புரொபேஷனரி அலுவலர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வுக்கு வயது 20 முதல் 30 வரை. ஸ்டேட் வங்கியின் தேர்வுக்கு 21 முதல் 30 வரை. எழுத்தர் நிலைப் பணிக்கு 20 முதல் 28 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உச்ச வயதில் தளர்வு உண்டு. ஐ.பி.பி.எஸ். எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது ஆங்கிலத்தைக் கண்டு ஒதுங்குபவர்களில் பலருக்கு இன்னும் தெரியவில்லை. கிராம வங்கிகளுக்கு வேறு தேர்வு. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் இணைந்து உருவான தமிழ்நாடு கிராம வங்கி சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

எம்.பி.ஏ. படித்தவர்கள் கவனிக்க வேண்டியது சிறப்பு அலுவலர் தேர்வு. சந்தைப்படுத்தல் அலுவலர், மனிதவள அலுவலர் பணியிடங்கள் இதில் வருகின்றன. பொதுத் தேர்வோடு ஒப்பிட்டால் போட்டியிடுவோர் குறைவு. பாடக் கேள்விகளும் உண்டு. ஆனால் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு வேண்டும் என்று அறிவிக்கையில் தெளிவாக எழுதியிருக்கும். தொலைநிலையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு இந்தத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்; தகுதிப் பத்தியை முதலிலேயே முழுமையாக வாசித்திருந்தால் அந்த உழைப்பு வேறு எதற்காவது பயன்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் பிறந்த தனியார் வங்கிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, கரூரில் 1916இல் தொடங்கிய கரூர் வைஸ்யா வங்கி, தூத்துக்குடியில் 1921இல் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆகியவை தனித்தனியாக ஆள் எடுக்கின்றன. அவற்றின் அறிவிப்புகளை அந்தந்த இணையதளத்திலேயே பார்த்துவர வேண்டும். வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் வாகனக் கடன், நகைக் கடன், வீட்டுக் கடன், குழுக்கடன் என்று பணிகள் மிகுதி. ஆனால் 'கிரெடிட்' என்று சொல்லிச் சேர்க்கப்படுபவரின் மேசைக்கு 'கலெக்ஷன்' எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. நிலுவை வைத்திருப்பவரின் வீட்டு வாசலில் போய் நிற்பது எல்லோராலும் இயலும் காரியமன்று. அதே சமயம், ஒரு லாரி உரிமையாளரின் வரவு செலவைப் பேச்சிலேயே கணித்துக் கடன் தரலாமா என்று முடிவெடுக்கும் திறமை இந்த நிறுவனங்களில் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைப்பதில்லை.

முதலீட்டுத் துறையில் நுழைய விரும்புவோர், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் சான்றிதழ் தேர்வுகளைப் படிக்கும்போதே எழுதிவிடலாம். பரஸ்பர நிதி விநியோகஸ்தர்களுக்கான ஐந்து-ஏ வரிசைத் தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. சிறிய சான்றிதழ்தான் என்றாலும், "நிதியில் ஆர்வம் உண்டு" என்று வாயால் சொல்வதைவிட நேர்காணலில் அதிகம் உதவும். கணக்கில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் செலவுக் கணக்கியல் படிப்பான சி.எம்.ஏ.வின் இடைநிலைக்குப் பட்டத்தைக் கொண்டு நேரடியாகச் சேரலாம், சி.ஏ.வுக்கும் குறிப்பிட்ட மதிப்பெண் சதவீதம் இருந்தால் நேரடி நுழைவு உண்டு. இவை எம்.பி.ஏ.வைவிடச் செலவு குறைந்தவை. உழைப்போ பல மடங்கு அதிகம்.

மனிதவளம்

மாணவிகளில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பாடம் இது. ஆனால் முதல் வேலையாக இவர்களுக்குக் கிடைப்பது தொலைபேசியில் ஆள் பிடிப்பது, அதாவது ரெக்ரூட்மென்ட். ஒரு நாளுக்கு இத்தனை அழைப்பு, இத்தனை நேர்காணல் என்று இலக்கு வைத்து நடக்கும் அந்த வேலையும் ஒரு வகையில் விற்பனையே.

தொழிற்சாலை சார்ந்த மனிதவளப் பணிக்கு மதிப்பு வேறு. அங்கே சட்டம் தெரிந்தவர் தேவை. வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் ஆகிய எண்களை மனப்பாடமாகச் சொல்பவரையும், மாதச் சம்பளப் பட்டியலை எக்செல்லில் பிழையின்றிப் போட்டுக் காட்டுபவரையும் கோவையிலோ ஓசூரிலோ எந்த நடுத்தரத் தொழிற்சாலையும் காக்க வைப்பதில்லை. 29 பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியம் என்பதன் வரையறை, ஒப்பந்தக் காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, தொழிலாளர் நல அலுவலரை அமர்த்த வேண்டிய வரம்பு 500 தொழிலாளர்களிலிருந்து 250 ஆகக் குறைந்தது என்று பல மாற்றங்கள் இவற்றில் உள்ளன. இருபது ஆண்டு அனுபவமுள்ள மேலாளர்களும் இவற்றைப் புதிதாகப் படிக்க வேண்டியிருப்பதால், இப்போது வேலை தேடும் இளைஞருக்கு அரிதாகக் கிடைத்த சமநிலை இது. அந்த நான்கு தொகுப்புகளையும் ஒரு மாதம் ஒதுக்கி வாசித்துக் குறிப்பெடுத்தவர் நேர்காணலில் தனித்துத் தெரிவார்.

இத்துறையில் மேற்படிப்பை எண்ணுவோருக்கு, சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையமும் சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் உள்ளன; ஜாம்ஷெட்பூரில் 1949இல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. அகில இந்திய அளவில் மனிதவளப் படிப்புக்குப் பெயர்பெற்றது.

மெர்ச்சண்டைசர்: திருப்பூர் தரும் வாய்ப்பு

மேலாண்மைப் படிப்பின் எல்லாப் பாடங்களும் ஒரே மேசையில் கூடும் ஒரு வேலையைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால், நான் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசரை, அதாவது ஆர்டருக்கு விலை பேசுவது முதல் கப்பலேற்றுவது வரை பார்த்துக்கொள்பவரைக் காட்டுவேன். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பையர் (ஆடையை வாங்குபவர்), ஆடையின் அளவு, துணியின் எடை, நிறம், அச்சு ஆகியவற்றை விவரமாக அனுப்புகிறார். அதைப் பார்த்து மெர்ச்சண்டைசர் விலை போட வேண்டும்: நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் (பின்னல்) கூலி, சாயக் கூலி, துணியில் எத்தனை சதவீதம் சேதாரம், வெட்டித் தைத்துச் சரிபார்த்து அடைக்க என்ன ஆகும், லேபிளும் அட்டைப்பெட்டியும் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டி ஒரு துண்டுக்கான விலையை டாலரில் சொல்ல வேண்டும். ஐந்து சென்ட் கூடுதலாகச் சொன்னால் ஆர்டர் போய்விடும். ஐந்து சென்ட் குறைத்துச் சொன்னால் ஒரு லட்சம் துண்டில் ஐயாயிரம் டாலர் போய்விடும்.

விலை ஒத்துவந்தபின் வேலை இரட்டிப்பாகிறது. நிறத்துக்கு ஒப்புதல், அளவுக்கு ஒரு சாம்பிள், உற்பத்திக்கு முந்தைய சாம்பிள், ஏற்றுமதி சாம்பிள் என்று கூரியர் போய்வந்துகொண்டே இருக்கும். சாயப்பட்டறையில் துணி தாமதமானால் தையல் பிரிவில் ஆள் சும்மா இருக்கும். கழிவுநீர் பிரச்சினையால் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறையில்தான் அவை இயங்க வேண்டியிருக்கிறது. ஆகவே சாயத்துக்கு நாள் குறிப்பது மெர்ச்சண்டைசரின் தலைவலிகளில் முதன்மையானது. குறித்த தேதிக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஏறாவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும். அந்தச் செலவில் லாபம் கரைந்து, கையிலிருந்தும் பணம் போகும்.

இதற்குத் தேவையானவை பிழையில்லாத மின்னஞ்சல் எழுதும் அளவுக்கு ஆங்கிலம், விரல் நுனியில் எக்செல், தையல் மாஸ்டரிடமும் ஜாப் ஒர்க் காரரிடமும் கோபப்படாமல் வேலை வாங்கும் பக்குவம் ஆகியவை. தொடக்கத்தில் உதவி மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து குறைந்த சம்பளத்தில் ஓராண்டு கற்க வேண்டியிருக்கும். அந்த ஓராண்டில் கணினியின் முன் மட்டும் அமர்ந்திருக்காமல், நிட்டிங் முதல் பேக்கிங் வரை ஒவ்வொரு பிரிவிலும் சில நாள்கள் நிற்க அனுமதி கேட்டு வாங்குங்கள். இத்தொழிலின் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அமெரிக்க ஆர்டர்களை மட்டுமே நம்பியிருந்த நிறுவனங்கள் தடுமாறின. எந்தெந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறீர்கள் என்று நேர்காணலில் நீங்களும் கேட்கலாம். அந்தக் கேள்வியே உங்கள் மதிப்பை உயர்த்தும்.

ஏற்றுமதியைச் சுற்றி இன்னொரு வேலை வட்டம் உண்டு. சுங்க முகவர் அலுவலகங்கள், சரக்கு அனுப்பும் நிறுவனங்கள், கன்டெய்னர் முனையங்கள் ஆகியவை சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடிப் பகுதிகளில் தொடர்ந்து ஆள் எடுக்கின்றன. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் ஆகிய நான்கு ஆவணங்களையும் பார்த்தவுடன் எது எதற்கு என்று சொல்லத் தெரிந்தால் நுழைவு எளிது.

சென்னையின் இரவுப் பணிகள், மருத்துவமனைகள்

சென்னை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களில் பி.பி.ஏ. பட்டதாரிகளை அதிகமாக உள்ளிழுக்கும் வேலைகளில் ஒன்று மருத்துவக் கட்டண வசூல் தொடர்பான 'ஏ.ஆர். காலர்' பணி. அமெரிக்க மருத்துவமனையின் சார்பில் அங்குள்ள காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, மறுக்கப்பட்ட பணத்துக்குக் காரணம் கேட்பது வேலை. சம்பளம் தொடக்கத்திலேயே ஓரளவு நன்றாக இருக்கும், ஆங்கிலம் சரளமாகும், உறக்கம் கெடும். இரண்டு ஆண்டுகளுக்குள் தரப் பரிசோதனைக்கோ, பயிற்சிக்கோ, தரவுப் பகுப்பாய்வுக்கோ நகர்ந்துவிடுவது என்ற முடிவோடு சேர்பவருக்கு இது நல்ல ஏணி. மருத்துவமனை நிர்வாகத்தில் ஆர்வமுள்ளவர்கள், காப்பீட்டு மேசையிலும் தரச் சான்றுப் பிரிவிலும் தொடங்கலாம்.

அரசுத் தேர்வுகள்

பட்டம் எதுவானாலும் எழுதக்கூடிய தேர்வுகளில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, 2ஏ ஆகியவையும், எஸ்.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த பட்டதாரித் தேர்வும், ரயில்வே தேர்வுகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. குரூப் 2 பணிகளில் உதவித் தொழிலாளர் ஆய்வாளர், இளநிலை வேலைவாய்ப்பு அலுவலர், துணை வணிகவரி அலுவலர் ஆகியவை நீங்கள் படித்த பாடங்களுக்கு அருகில் இருப்பவை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு உரியது, ஆங்கிலவழியில் பி.பி.ஏ. படித்தவர் பட்டத் தகுதி கேட்கும் பணிகளில் அதை எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. அதிகம் பேசப்படாத ஒன்று கூட்டுறவுத் துறை: கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சியை முடித்துவைத்திருந்தால் மாவட்டந்தோறும் கூட்டுறவு நிறுவனங்களில் நடக்கும் உதவியாளர் தேர்வுகளுக்குத் தகுதி வந்துவிடும்.

எத்தனை ஆண்டு முயல்வது என்பதைத் தொடங்கும் நாளிலேயே தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள்.

எம்.பி.ஏ. எப்போது?

பி.பி.ஏ. முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அதே பாடங்களை அதே அளவு ஆழத்தில் இன்னும் இரண்டு ஆண்டு கேட்பதில் பெரும்பாலோருக்குப் பயன் குறைவு என்பது என் கருத்து. இரண்டு ஆண்டுகள் ஏதேனும் ஒரு தொழிலில் இருந்துவிட்டுப் போகும்போது, வகுப்பில் பேசப்படும் ஒவ்வொன்றும் பார்த்த முகங்களோடும் பட்ட அடிகளோடும் சேர்ந்து புரிகிறது. இதற்கு விதிவிலக்கு, ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் போன்ற தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து முன்வரிசைக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள். அவர்கள் யோசிக்காமல் சேர்ந்துவிடலாம்.

கேட் தேர்வு பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கும். மொழித்திறன், தரவுத் தர்க்கம், கணிதம் என்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். பட்டத்தில் 50 சதவீதமும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதமும் வேண்டும். திருச்சியில் 2011 முதல் ஐ.ஐ.எம். இயங்குகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு. திருச்சியின் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம், மதுரையின் தியாகராஜர் மேலாண்மைப் பள்ளி, கோவையின் பி.எஸ்.ஜி., சென்னையின் லிபா ஆகியவற்றின் சேர்க்கை முறைகளைத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரக மேலாண்மையில் மனம் உள்ளவர்கள், அமுல் பால் கூட்டுறவை வளர்த்த குரியனின் முயற்சியால் 1979இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் தொடங்கிய இர்மாவையும் எண்ணிப் பார்க்கலாம்.

கல்லூரி காட்டும் அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். சென்ற ஆண்டு படித்த நூறு பேரில் நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம், எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று முன்னாள் மாணவர் இருவரிடம் கேளுங்கள். ஏழரை லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவைப்படாத உத்தரவாதத் திட்டம் இருப்பதால் கடன் எளிதாகத் தெரியும். மாதத் தவணையை அந்த நடுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

சொந்தத் தொழில், குடும்பத் தொழில்

கடையோ, அரிசி ஆலையோ, லாரியோ வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தொழிலைப் பற்றிக் கூச்சப்படுவதை நிறையப் பார்க்கிறேன். அப்பாவின் நோட்டில் இருக்கும் கடன் பாக்கியை எக்செல்லில் ஏற்றி, யார் எத்தனை நாள் தாமதிக்கிறார் என்று மூன்று மாதம் கண்காணித்தாலே படித்ததற்குப் பயன் தெரிந்துவிடும். அப்பா முதலில் முறைப்பார் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்குவோருக்குத் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம், 75 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு கிடைக்கிறது. வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையமே வாசல். மானியத்தை நினைத்துத் தொழிலைத் தேடாமல், தொழிலை முடிவுசெய்துகொண்டு மானியத்தைத் தேடுபவரின் திட்ட அறிக்கைக்கே வங்கி மேலாளர் காது கொடுக்கிறார்.

விண்ணப்பிக்கும்போது

தற்குறிப்பில் "கடின உழைப்பாளி, குழுவில் இணைந்து செயல்படுபவர்" என்ற வரிகளை நீக்கிவிட்டு, செய்த ஒன்றை எண்ணோடு எழுதுங்கள். கல்லூரி விழாவுக்கு எத்தனை கடைகளில் எவ்வளவு நன்கொடை திரட்டினீர்கள், விடுமுறையில் மாமாவின் கடையில் இருப்புக் கணக்கு எடுத்தீர்களா என்பவை அந்த வெற்று வரிகளைவிட நூறு மடங்கு மேல். அனுபவமே இல்லை என்றால் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவுசெய்யுங்கள். பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் அதில் இடம் உண்டு. உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சியும் முடிவில் சான்றிதழும் கிடைக்கும். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

சம்பளம் பேசும்போது ஆண்டுக்கு மூன்று லட்சம் என்பது மாதம் இருபத்தைந்தாயிரம் ஆகாது. அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,500, உங்கள் பங்கு 1,500, பணிக்கொடை ஒதுக்கீடு சுமார் 600, இரு தரப்பு ஈ.எஸ்.ஐ., இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை மாதம் 2,500 என்று கழித்துப் பார்த்தால் கையில் வருவது 18,000 ரூபாயை ஒட்டியே இருக்கும். சென்னையில் விடுதி வாடகை போக என்ன மிஞ்சும் என்பதை அந்தத் தொகையிலிருந்து கணக்கிட வேண்டும்.

வேலைக்கு முன்பணம் கேட்கும் எவரும் வேலை தருபவரல்லர். பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம், மடிக்கணினி வைப்புத்தொகை என்று அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது அதுவே. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. வெளிநாட்டு வேலையில் இன்னும் கவனம் தேவை. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை, சந்தைப்படுத்தல் வேலை என்று அழைத்துப்போய், மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கும்பல்களைப் பற்றி இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அதில் சிக்கி மீண்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. சுற்றுலா விசாவில் வரச் சொல்லும் வேலை எதுவாயினும் மறுத்துவிடுங்கள்.

பணி நியமனக் கடிதத்தில் பதவி, பணியிடம், தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவிப்பு நாள்கள், இடையில் விலகினால் கட்டவேண்டிய தொகை என ஏதேனும் உண்டா என்ற ஐந்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சேர்ந்த இரண்டாவது மாதம், உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணை இணையத்தில் திறந்து, சம்பளச் சீட்டில் பிடித்த தொகை அங்கே உண்மையில் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செலுத்தப்படவில்லை என்றால் அடுத்த வேலையைத் தேடத் தொடங்கும் நாள் அதுவே.